ஒரே கூரை, நான்கு சான்றிதழ்: ஹெல்த் கனடாவுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவின் சமஷ்டி சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடாவின் மருத்துவக் கஞ்சாப் பதிவுப் பிரிவினருக்கு,

வணக்கம். இம்மடலின் ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியாக வருகிறது. தமிழில் இதைப் பொதுவில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜெக்ஸ், பிரம்ப்டன் பக்கம் மேல்மாடியில் அப்பா அம்மா, நடுவில் மகன் குடும்பம், பேஸ்மன்ட்டில் வாடகைக்கு இன்னொரு குடும்பம் என்று வாழும் தமிழ் வீடுகளில் கீழே சொல்லும் சிக்கல்கள் ஒன்றுமேல் ஒன்றாக வந்து விழுகின்றன. அந்த வீட்டாரும் இதை வாசிக்கட்டும்.

எங்கள் முறைப்பாடு ஒன்றுதான். கஞ்சாச் செடியை நீங்கள் ஆளுக்கு எண்ணுகிறீர்கள். பொலிஸ், வீட்டுக்காரர், காப்புறுதிக் கொம்பனி, அடமானம் தந்த வங்கி எல்லோரும் வீட்டுக்கு எண்ணுகிறார்கள். இந்த இரண்டு கணக்கையும் பொருத்திக் காட்டும் ஒரு தாள்கூட உங்களிடமிருந்து வருவதில்லை.

முதலில் கணக்கு. பதிவு இல்லாத சாதாரண வீட்டில் எத்தனை பெரியவர்கள் இருந்தாலும் மொத்தம் நான்கு செடி. கஞ்சாச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. முற்றமும் பின்வளவும் அங்குள்ள கொட்டிலும்கூட ‘வீடு’ என்பதற்குள் அடக்கம். நோயாளி வைத்தியரின் பத்திரத்தோடு விண்ணப்பித்து, வீட்டில் வளர்க்க உங்களிடம் பெறும் மருத்துவப் பதிவு வந்தால் கணக்கு மாறுகிறது. உள்ளே வளர்ப்பதற்கான உங்கள் சூத்திரம், வைத்தியர் எழுதிய நாளாந்த கிராமை 365ஆல் பெருக்கி, 90ஆல் வகுத்து, 1.2ஆல் பெருக்கச் சொல்கிறது. ஒரு கிராமுக்கு 5 செடி, 2 கிராமுக்கு 10, 3 கிராமுக்கு 15. வெளியே வளர்த்தால் ஒரு கிராமுக்கு 2 செடிதான், ஏனென்றால் வெளிச்செடி ஒன்று 250 கிராம் தரும் என்பது உங்கள் அனுமானம்.

இப்போது ஒரே வீட்டில் மாமியாருக்கு 2 கிராம், மகனுக்கு 3, மருமகளுக்கு 1 என்று வைத்துக்கொள்வோம். மூவரும் தங்களுக்குத் தாங்களே வளர்க்கிறார்கள். 10, 15, 5 ஆக மொத்தம் 30 செடி. ஒரு விலாசத்தில் நான்கு பதிவு வரை நீங்கள் அனுமதிப்பதால் இது முழுக்கச் சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் அந்த 30 என்ற எண் எந்தத் தாளிலும் இல்லை. மூன்று சான்றிதழ், மூன்று பெயர், மூன்று முடிவுத் திகதி. வாசலில் நிற்கும் பொலிஸ்காரருக்கு முதலில் கண்ணில் படுவது 30 செடியும் கையில் ஒரு சான்றிதழோடு நிற்கும் ஒருவரும்தான். பொலிஸார் உங்களிடம் எந்நேரமும் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்க்க வசதி உண்டு, அது நல்ல ஏற்பாடு. இருந்தாலும் அவர் ஒரு பெயரைக் கொடுத்துக் கேட்டால் அந்தப் பெயருக்கான பதில்தான் கிடைக்கும். வீட்டில் இன்னும் இரண்டு பதிவு இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டியது, அந்நேரம் வீட்டில் யார் இருக்கிறாரோ அவர்தான். பல வேளைகளில் அது ஆங்கிலம் தடுமாறும் மாமியாராக இருக்கும்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, விலாசத்துக்கு ஒரு சுருக்கத்தாள். பெயரும் நோயும் கிராமும் வேண்டாம். இந்த விலாசத்தில் இத்தனை பதிவு, உள்ளே மொத்தம் இத்தனை செடி, மிக விரைவில் முடியும் பதிவின் திகதி இது, சரிபார்க்கும் இலக்கம் இது. நான்கு வரிதான். தனித்தனிச் சான்றிதழைக் காப்புறுதிக்காரரிடமோ வீட்டுக்காரரிடமோ காட்டினால் நோயாளி தன் மருந்தளவையும் பிறந்த திகதியையும் சேர்த்தே காட்ட வேண்டியிருக்கிறது. சுருக்கத்தாள் இருந்தால் அதற்கு அவசியமில்லை.

அடுத்தது முடிவுத் திகதி. கைதாகும் அபாயம் மிகுந்த இடம் இதுதான் என்பது எங்கள் எண்ணம். வைத்தியரின் மருத்துவப் பத்திரம் அதிகபட்சம் ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும், பதிவும் அதோடு முடிந்துவிடும். செடியோ நாற்றிலிருந்து அறுவடைக்கு மூன்று நான்கு மாதம் எடுக்கும். மேலே சொன்ன வீட்டில் மருமகளின் பதிவு மே மாத நடுவில் முடிகிறது, புதுப்பித்தல் இன்னும் வந்து சேரவில்லை என்றால், அன்று நள்ளிரவுக்குப் பிறகு அந்த அறையில் 5 செடி அதிகம். கணவரின் பதிவில் அதைச் சேர்க்க முடியாது, அவருடைய 15 ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. எது யாருடைய செடி என்று அடையாளம் வைக்காவிட்டால், அதிகமான ஐந்தும் எவை என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது வீட்டிலுள்ள எல்லோருமே கேள்விக்குள் வருகிறார்கள்.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியது, ஒரே விலாசத்துப் பதிவுகளை ஒரே திகதிக்குக் கொண்டுவர அனுமதிப்பது. முந்திய பதிவு முடியும் முன்பே புதுப்பித்தல் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்றால், நீங்கள் முடிவெடுக்கும் வரை பழைய பதிவு நீடிக்கும் என்று ஒழுங்குவிதியில் ஒரு வரி சேர்ப்பதும் இலகு. அது வரும்வரை வீட்டாருக்கு எங்கள் ஆலோசனை: முடிவுத் திகதிக்கு மூன்று மாதம் முன்னதாகவே வைத்தியரிடம் நாள் எடுங்கள். பதிவு முடிய நான்கு மாதத்துக்குள் புது நாற்று வைக்காதீர்கள். விதையிலோ கிளைத்துண்டிலோ கைவைக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். வேர்விட்ட கிளைத்துண்டையும் செடியாகவே எண்ணுங்கள். பத்துச் செடிக்கு அனுமதி உள்ளவர் தவறினால் உதவும் என்று பதினைந்து துண்டு வேர்விட வைப்பது, நல்ல தோட்டக்காரரின் பழக்கம். இந்தச் சட்டத்தில் அது ஐந்து செடி மீறல்.

மீறல் என்றால் என்ன என்பதையும் தமிழ்க் குடும்பங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஓரிரு செடி கூடினால் டிக்கெட்டோடு முடியலாம். குற்றச்சாட்டாகப் போனால் 12ஆம் பிரிவின் உச்சத் தண்டனை 14 ஆண்டு. நீதிமன்றம் தண்டப்பணம் மட்டும் போட்டாலும், நிரந்தர வதிவுரிமையில் இருப்பவருக்கு அங்கே விஷயம் முடிவதில்லை. குடிவரவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, கிடைத்த தண்டனையை மட்டும் பார்ப்பதில்லை; அந்தக் குற்றத்துக்கு 10 ஆண்டோ மேலோ உச்சத் தண்டனை இருந்தால் அதையே பாரிய குற்றம் என்று எடுத்துக்கொள்கிறது. குடியுரிமை எடுத்த மகனுக்குத் தண்டப்பணம், எடுக்காத அம்மாவுக்கு நாடுகடத்தல் விசாரணை. ஒரே அறை, ஒரே செடி. கஞ்சாப் பதிவு விண்ணப்பத்தில் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வரி போடுவதற்கு என்ன தடை என்று எங்களுக்கு விளங்கவில்லை.

மூன்றாவது, களஞ்சிய அளவு. இது உங்கள் சூத்திரம் பழசாகிப்போன இடம். உள்ளே வளரும் செடி ஒன்று ஓர் அறுவடைக்கு 30 கிராம் தரும், ஆண்டுக்கு மூன்று அறுவடை என்று வைத்திருக்கிறீர்கள். அதனால் 5 செடிக்கு 225 கிராம் உலர்ந்த கஞ்சா வைத்திருக்கலாம். இன்றைக்குச் செடி வளர்க்கும் நான்கடிக்கு நான்கடி டென்ட், அதற்குள் 480 வாட் எல்.ஈ.டி விளக்கு என்பது சாதாரண அமைப்பு. கைப்பழக்கம் உள்ளவருக்கு அதில் ஐந்து செடியிலிருந்து 400 கிராமுக்கு மேல் கிடைப்பது புதினமில்லை. செடி எண்ணிக்கையை ஒழுங்காகக் கடைப்பிடித்தவரே முதல் அறுவடையில் களஞ்சிய வரம்பைத் தாண்டுகிறார்.

தனியாள் என்றால் மிஞ்சியதை அழித்துவிடலாம். கூட்டுக் குடும்பத்தில் அது பக்கத்து ஜாடிக்குப் போகிறது. மாமியாரிடம் 450 கிராமுக்கு இடம் இருக்கிறது, அவருடைய செடிகளோ இந்த முறை பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டன, மகனுடையது மிஞ்சிக் கிடக்கிறது. வீட்டில் யாருக்கும் இது தவறாகவே தோன்றாது, சோறு மிஞ்சினால் செய்வதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு பதிவின்கீழ் விளைந்ததை விற்கவோ மற்றவருக்குக் கொடுக்கவோ கூடாது என்பது விதி. தாய்க்குக் கொடுத்தாலும் கொடுத்ததுதான்.

இதற்கும் வழி இருக்கிறது. முறைப்படி ஒருவர் இன்னொருவருக்காக வளர்க்கலாம்; தன்னுடையதையும் சேர்த்து அதிகபட்சம் இரண்டு பதிவுக்கு அவர் பொறுப்பெடுக்கலாம். மகன் தனக்கும் அம்மாவுக்குமாக வளர்ப்பவராகப் பதிந்துகொண்டால், அம்மா செடிக்குக் குனிந்து நிமிரத் தேவையில்லை. இதற்கு மகன் பத்து ஆண்டுக்கான பொலிஸ் பதிவுப் பத்திரம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்போதும் இரண்டு பதிவின் செடியும் ஜாடியும் வேறுவேறுதான், கலக்க முடியாது. வீட்டாருக்கு நாங்கள் சொல்வது: உங்களுக்கு 5 செடி அனுமதி என்றால் 5 வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. நல்ல விளக்கின்கீழ் இரண்டு செடி போதும். அறுவடை அன்று தராசில் நிறுத்து, பெயரும் திகதியும் எழுதி, வேறுவேறு பூட்டில் வையுங்கள். காயாத பூ என்றால் 5 கிராம், உலர்ந்த 1 கிராமுக்குச் சமம் என்று சட்டம் கணக்கிடுகிறது. உங்களிடம் கேட்பது: அந்த 30 கிராம் என்ற எண்ணைத் திருத்துங்கள். செடி எண்ணிக்கையைக் குறைத்துக் களஞ்சியத்தைக் கூட்டினாலும் நோயாளிகளில் பெரும்பாலோர் முணுமுணுக்க மாட்டார்கள்.

நான்காவது, தண்ணீர் ஊற்றுவது யார்? பதிவு பெற்றவர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்துவிட்டால் மனைவி ஊற்றுவார். பூக்கும் பருவத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றால் ஒரு பருவமே போய்விடும். சான்றிதழிலோ அவர் பெயருக்கு இடமில்லை. நோய்க்காகத்தான் இந்தப் பதிவே தரப்படுகிறது. நோயாளி படுக்கையில் விழும் நாளை மட்டும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. விண்ணப்பத்தில் ‘இதே வீட்டில் வசிக்கும் உதவியாளர்’ என்று ஒரு பெட்டி, ஒரு பெயர், ஒரு கையெழுத்து போதும். முழுமையான பொறுப்பாளராக வேறொருவரைப் பதிவதற்குப் பொலிஸ் பத்திரம், புது விண்ணப்பம், காத்திருப்பு என்று போவதற்குள் செடி காய்ந்துவிடும்.

பேஸ்மன்ட் விஷயத்துக்கு வருவோம். தாங்கள் சாதாரணமாக வசிக்கும் இடத்தில் வளர்ப்பவரிடம் நீங்கள் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் கேட்பதில்லை. வசிக்காத, சொந்தமில்லாத இடம் என்றால் மட்டும் கேட்கிறீர்கள். இதை வாடகைக்காரர் பலர், “ஒட்டாவாவே அனுமதி தந்தாச்சு, வீட்டுக்காரர் என்ன செய்ய ஏலும்?” என்று எடுத்துக்கொள்கிறார்கள். நிறையச் செய்ய ஏலும். வாடகை ஒப்பந்தம், ஒன்ராறியோ வாடகைச் சட்டம், கொண்டோ என்றால் அதன் விதிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சேதம், அயலவருக்குத் தொந்தரவு என்றால் வீட்டுக்காரர் வாடகைக்காரரை எழுப்பும் என்5 என்ற அறிவித்தல் கொடுக்கலாம். பாரிய பாதுகாப்புக் கேடு என்றால் என்7, சட்டவிரோதச் செயல் என்றால் என்6. மாற்றுத்திறன் உள்ளவருக்கு இயன்ற அளவு இடங்கொடுக்க வேண்டும் என்ற மனித உரிமைச் சட்டம் வாடகைக்காரர் பக்கம் நிற்கும். ஆனால் கஞ்சாவை மருந்தாகப் பாவிக்கும் உரிமை வேறு, அதை அந்தப் பேஸ்மன்ட்டிலேயே விளைவிக்கும் உரிமை வேறு. உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் தபாலில் வாங்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

மறுபக்கம் வீட்டுக்காரருக்கும் ஒரு பொறி இருக்கிறது. மேல்வீட்டுக்கும் பேஸ்மன்ட்டுக்கும் ஒரே இலக்கம். கீழே குடியிருப்பவர் தன் பதிவை அந்த இலக்கத்தில் எடுக்கிறார், மேலே மாமியாரும் மகனும் அதே இலக்கத்தில். நான்கு பதிவு என்ற வரம்பு, ஒருவரையொருவர் சரியாகத் தெரியாத இரண்டு குடும்பங்களுக்கிடையே பங்காகிவிடுகிறது. ஐந்தாவதாக விண்ணப்பிப்பவருக்கு மறுப்பு வரும்போதுதான் மற்ற நான்கு எங்கே என்று தேடத் தொடங்குகிறார். விலாசப் பெட்டியில் ‘மேல் / கீழ் / பின்கட்டு’ என்று கட்டாயம் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் போடுங்கள். கீழே குற்றம் நடந்தால் மேலே கதவு உடைபடாமல் இருக்கவும் அது உதவும். உங்கள் பரிசோதகர்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் நுழைய முடியாது. எந்தக் கதவுக்கு யார் சம்மதம் சொல்வது என்ற கேள்விக்கும் அந்தக் கட்டத்தில்தான் பதில்.

காப்புறுதியில் பிழை சத்தமில்லாமல் நடக்கிறது. ஒன்ராறியோவில் வீட்டின் அபாயநிலை கணிசமாக மாறினால் கொம்பனிக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்பது தீக்காப்புறுதியில் சட்டமே எழுதி வைத்த நிபந்தனை. அறிவிக்காமல் இருந்து நெருப்புப் பிடித்தால் பணம் மறுக்கப்படலாம். மகன் பெயரில் பொலிசி, மாமியார் பெயரில் பதிவு என்றால் அறிவிக்க வேண்டியவர் மகன். அவருக்கே தெரியாமல் அம்மாவும் மருமகளும் அலுமாரிக்குள் வளர்க்கும் வீடுகள் உண்டு. வெட்கம்தான் காரணம். எழுத்தில் அறிவித்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். தரகர் வாயால் “பரவாயில்லை” என்பது எதற்கும் உதவாது.

நெருப்பு என்றதும் மின்சாரத்தைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இரண்டு பேர் தனித்தனியாக நிதானமாகச் செய்தது ஒன்றுசேர்ந்து விபத்தாகும் இடம் இது. பேஸ்மன்ட் அறைக்கு வழமையாக ஒரு 15 அம்பியர் பிரேக்கர். 120 வோல்ட்டில் 1,800 வாட்; மணிக்கணக்காக ஓடும் சாமானுக்கு அதில் 80 வீதம்தான் கணக்கு, 1,440 வாட். ஒரு டென்ட் என்றால் விளக்கு 480, காற்றாடி 50, ஈரம் இழுக்கும் மெஷின் 550, தாராளமாக ஓடும். மருமகளும் அதே அறையில் இன்னொரு டென்ட் வைத்தால், ஈரம் இழுக்கும் மெஷின் ஒன்றே என்றாலும் மொத்தம் 1,600 தாண்டிவிடும். பிரேக்கர் உடனே விழாது. சுவருக்குள் பழைய இணைப்புச் சூடேறிக்கொண்டிருக்கும். பூக்கும் பருவத்தில் 12 மணி நேரம்தான் விளக்கு என்பதால் ஒன்றுக்குக் காலை 6 முதல் மாலை 6, மற்றதற்கு மாலை 6 முதல் காலை 6 என்று டைமர் வைத்தால் இரண்டு விளக்கும் ஒருசேர எரியாது. இன்னும் நல்லது, உரிமம் பெற்ற மின்வினைஞரைக் கொண்டு தனி 20 அம்பியர் லைன் இழுத்து, ஈ.எஸ்.ஏ எனப்படும் மின்பாதுகாப்பு அதிகாரசபையில் அறிவித்தல் பதிவது. அந்தப் பரிசோதனைச் சான்றிதழ் பிறகு காப்புறுதிக்காரரிடமும் பேசும்.

ஊற்றும் தண்ணீரில் பெரும்பங்கு இலை வழியாகக் காற்றில்தான் போய்ச் சேரும். பூப்பருவத்தில் பத்துச் செடிக்கு நாளுக்கு 15, 20 லீற்றர் என்றால் அத்தனையும் சுவரில் பூஞ்சணமாக வரக் காத்திருக்கிறது. காற்றை அட்டிக்குக்குள் ஊதி விடுபவர்கள் பிரச்சினையை இடம் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். வெளியே ஊதினால் இன்னொன்றைக் கவனியுங்கள். மூடிய பேஸ்மன்ட்டில் பலமான காற்றாடி காற்றை உறிஞ்சும்போது, பழைய வகை காஸ் சுடுநீர்த் தாங்கியின் புகை குழாய்வழி மேலே போகாமல் அறைக்குள் திரும்பலாம். அதில் கார்பன் மொனொக்சைட் இருக்கும், மணம் இராது. காற்று உள்ளே வர வழி வையுங்கள், அலாரம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வாடகை மன்றத்தில் என்7 வழக்கென்று வந்தால் முதலில் கேட்கப்படுவதும் இந்தப் பாதுகாப்பு விஷயங்கள்தான்.

களவு பற்றி ஒரு சொல். காணாமல் போனால் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் பொலிஸுக்கும், 72 மணி நேரத்துக்குள் எழுத்தில் உங்களுக்கும் அறிவிக்க வேண்டும். எடுத்தது வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த தாய் என்ன செய்வார் என்று நீங்களே யோசியுங்கள். பூட்டு மலிவு, அறைக்கும் ஜாடிப் பெட்டிக்கும் வேறுவேறு திறப்பு, திறப்பு பதிவு பெற்றவர் கையில்.

வீட்டில் வளர்க்கும் உரிமை சலுகையாகக் கிடைத்ததில்லை. 2013இல் வந்த விதிகள் அதை எடுத்துவிட்டன, 2016 பெப்ரவரியில் அலார்ட் வழக்கில் சமஷ்டி நீதிமன்றம் அந்த விதிகள் செல்லாது என்றது, அதே ஆகஸ்டில் உரிமை திரும்ப எழுதப்பட்டது. எழுதியவர்கள் மனத்தில் தனியாக வாழும் ஒரு நோயாளி இருந்திருக்க வேண்டும். பெருமளவில் வளர்த்துக் கறுப்புச் சந்தைக்கு அனுப்பும் பதிவுகள் இருப்பதையும், நீங்கள் அவற்றை மறுக்கவும் இரத்துச் செய்யவும் முனைவதையும் அறிவோம், எதிர்க்கவுமில்லை. ஒரே விலாசத்தில் பல பதிவு என்பதே சந்தேகத்துக்கு அறிகுறி என்று எடுத்துக்கொண்டால் மாட்டுப்படுவது எங்கள் மாமியார்கள்தான்.

விலாசச் சுருக்கத்தாள், ஒரே முடிவுத் திகதி, உதவியாளர் பெட்டி, மேல்கீழ் கட்டம் ஆகியவற்றில் சுருக்கத்தாளுக்கும் கட்டத்துக்கும் சட்டத்திருத்தம் தேவைப்படும் என்று நாங்கள் நினைக்கவில்லை; படிவத்தை மாற்றினால் போதும். அவற்றை அடுத்த படிவ அச்சிலேயே எதிர்பார்க்கிறோம். மற்றவற்றுக்கு எங்களோடு பேச விரும்பினால் மாதிரி வாசகங்கள் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒன்ராறியோவில் மருத்துவக் கஞ்சாப் பதிவு விண்ணப்பங்களுக்கு உதவும் தமிழர் சிலர்